இக்தியோசாரைத் தேடிக் காரைக்குப் போகும் முன்: சென்னையில் ஒரு பொதுக் கருத்தரங்கும் களப்பயணமும்

கேள்வி இது: சென்னையில் ஒரு கல்லூரி அறிவியல் மன்றம், கடலில் வாழ்ந்த பழங்கால ஊர்வன பற்றிப் பொதுமக்களுக்காக இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தவும், பங்கேற்பவர்களை அரியலூர், பெரம்பலூர் பக்கம், குறிப்பாகக் காரை என்ற ஊரின் களிமண் பள்ளங்களில், புதைபடிவம் தேட அழைத்துப் போகவும் விரும்புகிறது. எப்படித் திட்டமிடுவது, வருபவர்களுக்கு இக்தியோசார் (மீன் போன்ற உடல் கொண்ட கடல் ஊர்வன) எலும்பு கிடைக்குமா, கிடைத்தால் என்ன செய்வது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், ஏனெனில் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும். பெரும்பாலும் கிடைக்காது. நாற்பது பேர் ஒரு காலைப்பொழுது முழுக்கக் குனிந்து நடந்தும், கணவாய் வகை விலங்கின் உட்கூடான பெலெம்னைட்டும், சுருள் ஓடு கொண்ட கடல்விலங்கான அம்மோனைட்டின் துண்டுகளும் மட்டும் பார்த்துத் திரும்புவதுதான் இயல்பு. துண்டறிக்கையில் "கடல் டைனோசர் எலும்பு தேடுவோம்" என்று போட்டுவிட்டால் அன்று மாலை பேருந்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதோடு இக்தியோசார் டைனோசரே அல்ல. துடுப்புக் கால்கள் கொண்ட பிளீசியோசார், பெரும் கடற்பல்லியான மோசசார் ஆகிய மற்ற கடல் ஊர்வனவும் டைனோசர் அல்ல. இவை தரையில் வாழ்ந்த வெவ்வேறு ஊர்வன வழிகளிலிருந்து தனித்தனியாகக் கடலுக்குத் திரும்பியவை. மோசசார்கள் இன்றைய உடும்பு, பாம்பு வகையறாவுக்கு நெருங்கிய உறவு. முதல் உரையின் முதல் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்.

எலும்பு அரிது என்பதற்காக அந்த இடம் சாதாரணமானது என்று எண்ணிவிட வேண்டாம். 1879இல் ஆங்கிலேயப் புதைபடிவ ஆய்வாளர் ரிச்சர்ட் லைடெக்கர், திருச்சிராப்பள்ளிப் பகுதியின் ஊட்டத்தூர் பாறை அடுக்குகளில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். தனி இனம் என்று நிறுவ அந்த எலும்புகள் போதாது என்பதே இன்றைய கருத்து. ஆனால் நம் மண்ணில் அந்த விலங்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. 2011இல் வெளியான ஆய்வொன்று, காரை ஊரின் பெயர் பெற்ற களிமண் அடுக்கிலிருந்து இக்தியோசார் எச்சங்களையும் பலவகைச் சுறாப் பற்களையும் விவரித்தது. அவை செனோமேனியன் காலத்தின் தொடக்கம், அதாவது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உலகம் முழுவதிலும் இக்தியோசார்கள் அற்றுப்போனது ஏறக்குறைய 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆக, காரைக் களிமண்ணில் இருப்பது அந்தக் குலத்தின் கடைசிக் காலத்து எலும்பு. 2017இல் குஜராத்தின் கச்சில் லோடாய் கிராமத்தருகே கிடைத்த 5.5 மீட்டர் நீள இக்தியோசார் இதைவிட ஏறத்தாழ 5 கோடி ஆண்டு மூத்தது, ஜுராசிக் காலத்தது. இந்த இரண்டையும் ஒரே உரையில் அருகருகே வைத்துப் பேசினாலே பார்வையாளர்களுக்குக் கால அளவு பிடிபட்டுவிடும்.

நிகழ்ச்சி அமைப்புக்கு வருவோம். கருத்தரங்கும் களப்பயணமும் ஒரே வார இறுதியில் வேண்டாம். சனிக்கிழமை உரைகள், இரவு பதினோரு மணிக்குப் பேருந்து, விடியற்காலை பெரம்பலூர் என்று போட்டால், காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது பாதிப் பேர் நிழல் தேடி உட்கார்ந்துவிடுவார்கள். சனி, ஞாயிறு சென்னையில் நடத்துங்கள். களப்பயணம் அடுத்த வாரம். சனிக்கிழமை மதியம் கிளம்பினால் சுமார் 270 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்தில் பெரம்பலூர். இரவு தங்கி, ஞாயிறு காலை சூரியன் எழும்போது களத்தில் நிற்கலாம். ரயிலில் போவதென்றால் எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைனில் அரியலூர் இறங்கி, அங்கிருந்து வேன் பிடிக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும் என்பதையும், பொங்கலை ஒட்டிய நாட்களில் குழுவாக இடம் கிடைப்பது கடினம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாதம் என்றால் ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும். வடகிழக்குப் பருவமழை ஓடைகளை அரித்துப் புதிய முகம் காட்டியிருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். மழை நாளில் காரைப் பக்கம் போகவே கூடாது. ஈரம் பட்டால் உப்பி வழுக்கும் களிமண் அது. செருப்பில் இரண்டு கிலோ ஒட்டிக்கொள்ளும், வேன் சக்கரம் புதைந்துவிடும். ஏப்ரலுக்கு மேல் நிழலே இல்லாத அந்தப் பள்ளங்களில் பொதுமக்களை நிறுத்துவது ஆபத்து.

சென்னையில் இடம் தேடும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை முதலில் நினையுங்கள். அங்கே புவியியல் சேகரிப்பும் இருக்கிறது, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே வெள்ளியைத் தொடும் திட்டம் வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கம் பெரிய கூட்டத்துக்கு வசதி. உரையாளர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி ஆகியவற்றின் புவியியல் துறைகளையும், கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவன அலுவலகத்தையும் அணுகலாம். நாளுக்கு ஐந்து உரைக்கு மேல் வைக்காதீர்கள். உரை 30 நிமிடம், கேள்வி 20 நிமிடம். பொதுக் கருத்தரங்கில் கேள்வி நேரத்தைத்தான் ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

உரைகளைவிட முக்கியம் ஞாயிற்றுக்கிழமை காலைத் தொட்டுப்பார்க்கும் மேசை. களத்தில் எதைத் தேடுவது என்று கை அறியாவிட்டால் கண் பார்க்காது. ஒரு மேசைக்கு எட்டுப் பேர், ஆளுக்கொரு பத்து மடங்கு லென்ஸ், ஒரு வழிகாட்டி. மேசையில் அசல் அரிய மாதிரிகள் வேண்டாம். வார்ப்பும் முப்பரிமாண அச்சும் போதும். அதோடு சாதாரண பெலெம்னைட், ஜிப்சம், பாஸ்பேட் உருண்டை ஆகியவற்றின் அசல் துண்டுகள். அம்மோனைட்டை விளக்க சாளக்கிராமத்தைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் இருக்கும் சுருள், கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் பதிவு. வீட்டுப் பூஜையறையில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'அச்சு' என்றால் என்ன, 'ஓடு' என்றால் என்ன என்பது அரை நிமிடத்தில் புரியும்.

அந்த மேசையில் அதிக நேரம் செலவிட வேண்டியது முதுகெலும்புக்கு. இக்தியோசார் முதுகெலும்பு ஒரு தட்டையான வட்டு. அகலம் அதிகம், நீளம் குறைவு, முன்னும் பின்னும் இரு பக்கமும் குழிந்திருக்கும். பல்லாங்குழிப் பலகையின் ஒரு குழியை வெட்டியெடுத்து, அதன் முதுகில் இன்னொரு குழியை ஒட்டியது போல. நடுவில் மிக மெல்லிதாகிவிடுவதால் பல சமயம் அங்கேயே உடைந்து, வளையம் மாதிரி கிடைக்கும். பிளீசியோசாருடையது உருளைக்கு நெருக்கம். முனைகள் ஏறக்குறைய தட்டை, அடிப்பக்கம் திருப்பினால் இரத்தக்குழாய் போன இரண்டு சிறு துளைகள் தெரியும். மோசசார் என்றால் முன்முனை குழி, பின்முனை பந்து. ஒன்றன் பந்து அடுத்ததன் குழியில் உட்காரும்.

குழப்பம் வருவது சுறாவிடம். பெரிய சுறாவின் முதுகெலும்பும் இரு பக்கமும் குழிந்த வட்டுதான், அதுவும் இதே அடுக்கில் கிடைக்கக்கூடியது. பிரித்தறியும் வழி, வட்டின் விளிம்பைச் சுற்றிப் பார்ப்பது. இக்தியோசாரில் மேலே தண்டுவடம் போன தடமும், அதன் இருபுறமும் மேல்வளைவு எலும்பு உட்கார்ந்த மேடையும், பக்கவாட்டில் விலா எலும்பு பொருந்திய சிறு குமிழ்களும் இருக்கும். சுறாவில் அந்தக் குமிழ்கள் இல்லை. குழிக்குள் மர வளையம் போன்ற வட்டக் கோடுகள் இருக்கும். லென்ஸை வைத்து உடைந்த முகத்தைப் பார்த்தால் ஊர்வன எலும்பில் பஞ்சு போன்ற துளை வலை தெரியும். நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆடு மேயும் ஓடை அது. தவிர, நுண்துளை உள்ள களிமண் கட்டியும் ஒட்டும்.

உருண்டையாக எது கிடைத்தாலும் முட்டை என்று சொல்லும் பழக்கத்துக்கும் அந்த மேசையிலேயே மருந்து கொடுங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. பார்த்த வல்லுநர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகள் என்றார்கள். முட்டைக்கு ஓடு வேண்டும். ஓட்டின் குறுக்குவெட்டில் நெருக்கமான படிக அமைப்பும் மூச்சுத் துளைகளும் வேண்டும். வெங்காயம் மாதிரி உரிந்துகொண்டே போனால் அது வண்டல் உருண்டை.

அனுமதிக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். இந்தியாவில் புதைபடிவங்களுக்கென்று முழுமையான தனிச்சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. சட்டம் இல்லை என்பதற்கு, எடுத்துக்கொண்டு போகலாம் என்று பொருளில்லை. நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள். சர்வே எண் வாரியாகப் பட்டாவா, புறம்போக்கா, வனத்துறை நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பட்டா என்றால் உரிமையாளர் கையெழுத்து. மற்றதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குக் கடிதம், வனநிலம் என்றால் வனத்துறைக்குத் தனியாக. ஊராட்சித் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சுத்தியலோடு ஒரு பேருந்து ஆட்கள் ஓடையில் இறங்கினால் ஊரார் சந்தேகப்படுவது நியாயம்தானே. சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புச் சுரங்கம் பார்க்க விரும்பினால் அது சுரங்க மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மட்டும். தலைக்கவசம், மூடிய காலணி, வெடிவைக்கும் நேரம் தவிர்த்த நேரம், பள்ளத்தின் செங்குத்துச் சுவரிலிருந்து விலகி நிற்பது, இவற்றில் எதற்கும் விலக்கு கிடையாது. பெரிய பொதுக்கூட்டத்துக்குச் சுரங்கத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு கடிதம் பலர் மறப்பது. முக்கியமான எலும்பு கிடைத்தால் எங்கே வைப்பீர்கள் என்பதை ஒரு பொது அருங்காட்சியகத்திடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கிடைத்த மாவட்டத்திலேயே எலும்பு இருப்பதுதான் சரி என்பது என் கருத்து. அங்கே இடமில்லை என்றால் எழும்பூர்.

குழுவின் அளவு: ஒரு பயணத்துக்கு 36 பேர், நான்கு அணி, அணிக்கு ஒன்பது பேரும் ஒரு வழிகாட்டியும். எண்பது பேர் வந்தால் இரண்டு வாரமாகப் பிரியுங்கள். காரையின் அரிபள்ளங்கள் குறுகலானவை. ஒருவர் மேலே சரிவில் நடந்தால் கீழே இருப்பவர் தலையில் மண்கட்டி விழும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். வழிகாட்டிகளையும் சேர்த்து நாற்பது பேருக்கு எட்டு 20 லிட்டர் கேன். மூடிய காலணி கட்டாயம், சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். விரியன் பாம்புகள் உள்ள நிலம், ஆகவே கல்லைக் கையால் புரட்டக்கூடாது, குச்சியால் மட்டும். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108. பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளுக்கான வழியை ஓட்டுநருக்கு முந்தின இரவே காட்டிவிடுங்கள். சில பள்ளங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள்.

சுத்தியலை வழிகாட்டிகள் மட்டும் எடுத்து வரட்டும். காரையில் தேடுவதற்குச் சுத்தியல் தேவையே இல்லை, மழையே உடைத்துக் கொடுத்திருக்கிறது. பங்கேற்பாளருக்கு வேண்டியது லென்ஸ், பென்சில், சிறு நோட்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ், அணிக்கு ஐம்பது மூங்கில் குச்சி, அவற்றின் நுனியில் கட்டச் சிவப்புத் துணி.

தேடும் முறை இது. ஓடையின் அடியிலிருந்து தொடங்குங்கள், உச்சியிலிருந்து அல்ல. எலும்புத் துண்டுகள் மேலே ஏதோ ஓர் அடுக்கிலிருந்து கழன்று, மழையில் உருண்டு கீழே வருகின்றன. அடியில் முதல் துண்டைப் பார்த்ததும் தொடாமல் அருகே குச்சி நடுங்கள். பிறகு சரிவில் மேல்நோக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குச்சி. ஓர் உயரத்துக்கு மேல் துண்டே இருக்காது. கடைசிக் குச்சிக்குச் சற்று மேலே, அல்லது அதே உயரத்தில், எலும்பு வந்த அடுக்கு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்புத் துணிகள் விசிறி மாதிரி விரிந்து, மேலே ஒரு முனையில் குவிவது தெரியும். முதல் துண்டைப் பார்த்ததும் எடுத்துப் பையில் போட்டவர் அந்த விசிறியின் ஒரு காம்பைப் பிடுங்கிவிட்டார் என்று பொருள். இடமும் அடுக்கும் தெரியாத முதுகெலும்புக்கு வயது சொல்ல முடியாது. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

காலை 6.45 முதல் 8.30 வரை சாய்வெளிச்சம். பல்லின் எனாமல் பளபளப்பு அப்போதுதான் கண்ணில் படும். கூடவே ஜிப்சமும் ஆயிரக்கணக்கில் மின்னும். ஜிப்சம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், நகத்தால் கீறினால் தடம் விழும். சுறாப்பல் பழுப்போ கருமையோ ஆக, ஒளி புகாமல் மின்னும், நகம் இறங்காது. துப்பாக்கிக் குண்டு போல, அல்லது சீவிய பென்சில் முனை போலக் கூம்பாகக் கிடப்பவை பெலெம்னைட். கணவாய் வகையைச் சேர்ந்த விலங்கின் உட்கூடு. இக்தியோசார் பல் என்று அதிகம் பேர் காட்டுவது இதைத்தான். உடைந்த பெலெம்னைட்டின் குறுக்குவெட்டில் நடுவிலிருந்து கதிர் போல் படிகக் கோடுகள் கிளம்பும். இக்தியோசார் பல்லின் மேற்பரப்பில் நீளவாக்கில் வரிகள் ஓடும், வேர்ப்பகுதி மடிப்பு மடிப்பாக இருக்கும். கரும்பழுப்பு பாஸ்பேட் உருண்டைகளும் எலும்பு நிறத்திலேயே ஏமாற்றும். உடைந்த முகத்தில் துளை வலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எலும்பு என்று வழிகாட்டி உறுதி செய்தால், படம் முதலில். ஒன்று தொலைவிலிருந்து பள்ளம் முழுதும் தெரிய, ஒன்று இரண்டு மீட்டரில், ஒன்று நெருக்கத்தில். அளவுகோல் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம், விட்டம் 27 மில்லிமீட்டர். கைபேசி காட்டும் இடக்குறியீடு ஐந்து, பத்து மீட்டர் தவறலாம். அந்தப் பத்து மீட்டருக்குள் பள்ளத்தின் அடியும் உச்சியும் அடங்கிவிடும் என்பதால், அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், மேலே என்ன அடுக்கு, கீழே என்ன அடுக்கு என்று கையால் வரைந்த படம் அவசியம்.

மண்ணுக்குள் தொடரும் எலும்பைத் தோண்ட வேண்டாம். மேலே கொஞ்சம் மண் தூவி மூடி, தகவலைப் பல்கலைக்கழகத்துக்கோ புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ கொடுங்கள். அடுத்த மழையில் அடித்துப்போகும் நிலையில் தளர்ந்து கிடக்கும் தனித் துண்டை மட்டும், அனுமதிக் கடிதம் கையில் இருந்தால், வழிகாட்டி எடுக்கலாம். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. தண்ணீரில் கழுவினால் எலும்பின் விரிசலுக்குள் இருக்கும் களிமண் உப்பி, துண்டு கையிலேயே பிளந்துவிடும். உலர்ந்த பிரஷ் போதும். ஃபெவிக்கால் நீர் கலந்தது, அதே கேடு. ஃபெவிக்விக் ஒட்டியதைப் பின்னால் ஆய்வகத்தில் பிரிப்பது பெரும்பாடு.

நொறுங்கும் எலும்புக்கு பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துச் சொட்டுவதே வழக்கம். 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம். கண்ணாடிக் குப்பியில் கரையுங்கள், தெர்மாக்கோல் கப் உருகிவிடும். கரைய ஒரு நாள் ஆகும், ஆகவே சென்னையிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் ரயிலில் கொண்டுபோகக் கூடாது. வெயிலில் சொட்டினால் அசிட்டோன் உள்ளே இறங்கும் முன்பே பறந்து, மேலே பளபளவென்று ஒரு தோல் மட்டும் நிற்கும். உள்ளே எலும்பு பொடியாகவே இருக்கும். குடை பிடித்து நிழல் போட்டு, காலை எட்டு மணிக்குள், சொட்டுச் சொட்டாக, முன்னது உறிஞ்சிய பிறகு அடுத்தது. அருகில் பீடி, சிகரெட் கூடாது. பஞ்சில் சுற்றாதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். டிஷ்யூ காகிதம், அதன்மேல் அலுமினியத் தாள், பிறகு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். துண்டுச்சீட்டு இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, பென்சிலில். ஜெல் பேனா மை வியர்வையில் கரைந்துவிடும்.

பெலெம்னைட், சிப்பித் துண்டு போன்றவற்றை நினைவுக்கு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். அனுமதிக் கடிதத்தில் அது எழுதப்பட்டிருந்தால் தவிர வேண்டாம். 36 பேர் ஆளுக்கு ஐந்து எடுத்தால் 180. ஆண்டுக்கு நாலு குழு வந்தால் அந்தச் சரிவில் பள்ளி மாணவர்களுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. பேருந்தில் ஏறும் இடத்தில் பைகளைத் திறந்து பார்ப்பதாக முன்பே சொல்லிவிடுங்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பத்தரை மணிக்குக் காரையை முடித்துக்கொண்டு, மதிய உணவுக்குப் பின் வாரணவாசி அருங்காட்சியகம். வார விடுமுறை எது என்று கேட்டு நாளைக் குறியுங்கள். நேரம் இருந்தால் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது, கடல் வண்டலுக்கு நடுவே படுத்திருக்கிறது. கரையிலிருந்து அடித்துவரப்பட்ட மரம் அது என்பதால், கடல் ஊர்வன பற்றிய பயணத்துக்குப் பொருத்தமான கடைசி நிறுத்தம். கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். சாத்தனூரிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பினால்தான் தாம்பரம் நெரிசலைத் தாண்டி இரவு பத்துக்குள் எழும்பூர் வந்து சேரலாம்.